இருப்புக் கொள்ளாத முதல் தவணை

டென்மார்க்கில் எங்கள் ஊரான ஹோர்சன்ஸிலிருந்து ஓகூஸ் நகரத்துக்கு ரயிலில் அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தை வைத்துத்தான் அந்த ஓகஸ்ட் முழுவதும் எங்கள் வீட்டில் சண்டை நடந்தது.

தாதியர் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்த செய்தி வந்த அன்று சண்டை இல்லை. அம்மா முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்பவர். பொறுப்புத் தாதிமாருக்குக் கீழே நின்று வருடக்கணக்காக வேலை செய்தவருக்கு, தன் மகள் அந்த இடத்துக்கு வரப்போகிறாள் என்பது சின்ன விசயமில்லை. மதியத்துக்குள் வைலேயில் இருக்கும் சித்தி முதல் அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் மாமா வரை எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லி முடித்துவிட்டார். அடுத்த கிழமை கொலேகியத்திலிருந்து அழைப்பு வந்தபோதுதான் வீடு இரண்டுபட்டது.

கொலேகியம் என்றால் மாணவர் விடுதி. நான் விண்ணப்பித்திருந்தது கொஞ்சம் வேறு மாதிரியானது. மூன்றாம் மாடியில் ஒரு பக்கம் முழுவதையும் சுகாதாரப் படிப்புகளில் முதலாம் ஆண்டு சேர்கிறவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். தாதியர் படிப்பு, மருத்துவம், பிசியோதெரபி எல்லாம் ஒரே நடைகூடத்தில், ஒரே சமையலறையில். சேர்ந்து சமைக்க வேண்டும், சேர்ந்து படிக்க வேண்டும், வியாழக்கிழமை மாலைகளில் வகுப்பில் கற்றதை ஒருவர் மேல் ஒருவர் செய்து பழக வேண்டும். கிடைக்காது என்று நினைத்ததால் வீட்டில் சொல்லாமலே விண்ணப்பித்திருந்தேன். கிடைத்துவிட்டது.

"அரை மணித்தியாலம் பிள்ளை," என்றார் அம்மா. "ரயிலிலை ஏறி ஒரு கோப்பி குடிச்சு முடிக்க முன்னம் ஓகூஸ் வந்திடும். அதுக்கு என்னத்துக்கு ஒரு அறை?"

நான் டேனிஷில் பதில் சொன்னேன். கோபம் வந்தால் எனக்குத் தமிழ் ஓடிவிடும்.

"தமிழிலை சொல்லு."

"அது வெறும் அறை இல்லை அம்மா. எல்லாரும் ஒண்டா இருந்து படிக்கிற இடம்."

"இஞ்சை இருந்து படிக்க உன்னை ஆர் குழப்பினது?"

அப்பா தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, கண்ணைத் திறக்க முடியாமல் தேநீருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "விடுமன், போகட்டும். அவளென்ன கனடாவுக்கே போறாள்?" என்றார்.

"நீங்கள் எல்லாத்துக்கும் இப்பிடித்தான் விடுவியள்."

மாத முடிவில் அப்பாதான் காரில் கொண்டுபோய் விட்டார். பின் இருக்கையில் றைஸ்குக்கர், தலையணை, அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு பெரிய போத்தலில். அம்மா வரவில்லை. அன்று வேலை என்று சொன்னார். பாதி வழியில் அப்பா, "கொம்மாவுக்கு இண்டைக்கு லீவு," என்று மட்டும் சொன்னார்.

முதல் கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு வாங்குகிறது. நான் எல்லோருக்கும் முன்னால் எழும்பினேன். சமையலறைத் தரையைத் துடைத்தேன். யாரும் கேட்காமலே குளிர்சாதனப் பெட்டியை ஒழுங்குபடுத்தினேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரை ஓரமாகக் காடு வரை போய், திரும்பி வந்து, குளித்து, இரண்டு பேருக்குக் காணும் அளவு சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். விருந்து ஒழுங்கு செய்கிற குழுவில் சேர்ந்தேன். உடற்கூற்றியல் வாசிப்புக் குழுவையும் நானே தொடங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் புட்டும் கறியும் சமைத்தேன். டேனிஷ்காரப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, கண்ணீர் வடிய, இன்னும் கொஞ்சம் என்று கேட்டுச் சாப்பிட்டார்கள்.

பக்கத்து அறையில் மருத்துவம் படிக்கும் ஒருத்தி இருந்தாள். பொர்ன்ஹோல்ம் தீவிலிருந்து வந்தவள். ஒரு வசனத்தைத் தொடங்கினால் யோசித்து யோசித்துத்தான் முடிப்பாள். அவள் முடிக்கும் முன்பே நான் முடித்துவிடுவேன். ஒருநாள் என்னைப் பார்த்து, "நீ எப்போதாவது நிற்பாயா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இதுதான் உண்மையான நான் என்று அப்போது நம்பினேன். வீட்டில் இத்தனை வருடமும் மூடி போட்டு வைத்திருந்தார்கள், இப்போது மூடி திறந்துவிட்டது என்று என்னையே வியந்துகொண்டு திரிந்தேன்.

இலைகள் கொட்டத் தொடங்கியபோது அதே வேகம் எனக்குத் தொல்லையாக மாறியது. இருந்தால் எழும்பத் தோன்றியது, எழும்பினால் போகத் தோன்றியது, போனால் திரும்பி வரத் தோன்றியது. விரிவுரை நடுவில் இரண்டு தடவை வெளியே போய்விட்டு வருவேன். ஒரு பக்கத்தை வாசிக்கத் தொடங்கினால் கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி மறந்திருக்கும். படுத்தால் தலையணைக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் நெஞ்சு அடித்தது. கோப்பிதான் காரணம் என்று கோப்பியை விட்டேன். தட்டுவது நிற்கவில்லை.

மற்றவர்கள் கம்பளிச் சட்டையோடு சமையலறைக்கு வந்தார்கள். எனக்கு மட்டும் வியர்த்தது. நான் போகிற இடமெல்லாம் யன்னலைத் திறந்தேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் மூடினார்கள். நாங்கள் எல்லோரும் மிகவும் மரியாதையாக, ஒரு வார்த்தை பேசாமல், இதையே நாள் முழுக்கச் செய்தோம். குளியலறைத் தரையில் என் தலைமுடி கொத்தாகக் கிடந்தது. காற்சட்டைகள் இடுப்பில் நிற்கவில்லை. எவ்வளவு சாப்பிட்டும் மெலிகிறேன் என்பதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என்னை உடைத்தது கைதான். செய்முறை வகுப்பில் சிறிய கண்ணாடிக் குப்பியிலிருந்து ஊசியால் மருந்தை இழுத்துப் பழகிக்கொண்டிருந்தோம். ஊசி முனை கண்ணாடியில் பட்டுக் கிணுகிணுவென்று சத்தம் போட்டது. நிறுத்தப் பார்த்தேன், இன்னும் கூடியது. எல்லோருக்கும் கேட்டிருக்கும். ஆசிரியை அருகில் வந்து என் தோளைத் தொட்டு, "படிப்பின் முதல் தவணையில் எல்லோருக்கும் கை நடுங்கும். பழகிவிடும்," என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் தாங்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்களின் கைகளைப் பார்த்தேன். ஒருவருக்கும் நடுங்கவில்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டு யாருக்கு ஊசி போடப் போகிறாய் என்று அன்று முழுக்க எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு ஓடினேன். வீட்டுக்குப் போனதும் அங்கேயும் இருக்க முடியாமல் சனிக்கிழமையே திரும்பினேன். அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மூன்றாம் முறை சோறு போடும்போது கேட்டார்:

"எலும்பும் தோலுமாய் வந்து நிக்கிறாய். அங்கை சாப்பிடுறேல்லையோ?"

"சாப்பிடுறன் அம்மா. இப்ப பாத்துக்கொண்டுதானே இருக்கிறியள்."

"அப்ப என்ன? ஆரும் பெடியனோ?"

"ஐயோ அம்மா!"

"இல்லை, சொல்லு. நித்திரையில்லை, ஒரு இடத்திலை இருக்கிறாயில்லை, போனைப் போனைப் பாக்கிறாய். எனக்கென்ன தெரியாதே?"

நான் டேனிஷில் கத்தினேன். அம்மா தமிழில் கத்தினார். பிறகு அவர் எழும்பிப் போய்க் காய்ந்த மிளகாயும் உப்பும் எடுத்து வந்து, என் தலையைச் சுற்றிக் கண்ணூறு கழித்து, அடுப்பில் போட்டார். புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. இரவு வேலைக்காகத் தூங்கிக்கொண்டிருந்த அப்பா சாரத்தோடு ஓடிவந்து, கதிரையில் ஏறி, கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. ஏன் அழுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. அதைப் பார்த்த அம்மாவுக்குப் பெடியன் விசயம் உறுதியாகிவிட்டது.

மாதத்துக்கு ஒருமுறை நடைகூடத்தில் கூட்டம் நடக்கும். யார் குப்பை போடுவது, யார் பாத்திரம் வாங்குவது போன்ற விசயங்கள். நொவெம்பர் கூட்டத்தில் பிசியோதெரபி படிக்கும் ஒருவன் யன்னல் பற்றிப் பேசினான். மேற்குக் கரைப் பக்கம் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவன். சமையலறை விளக்கில் தலை இடிக்காமல் குனிந்து போகும் அளவு உயரம். அவன் சொன்னது இவ்வளவுதான்: "குளிர் காலம் முடியும் வரை யன்னலைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மூடி வைப்போமா?"

நான் எழும்பி நின்றுவிட்டேன். நான் வந்த நாளிலிருந்து என்னைத்தான் எல்லோரும் ஒழுங்குபடுத்தப் பார்க்கிறீர்கள் என்றேன். தரையைத் துடைக்க நான் வேண்டும், சமைக்க நான் வேண்டும், ஒரு யன்னலைத் திறக்க மட்டும் அனுமதி கேட்க வேண்டுமா என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். டேனிஷ்காரர்கள் சத்தம் போட்டால் திருப்பிச் சத்தம் போட மாட்டார்கள். மேசையைப் பார்ப்பார்கள். பத்துப் பேர் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்க, என் குரல் மட்டும் அந்த அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், "நான் போகிறேன். அறையை விட்டுவிடுகிறேன்," என்று முடித்தேன்.

சொன்னதைச் செய்தும் விட்டேன். அடுத்த நாள் காலையிலேயே, மாத முடிவோடு அறையைக் காலி செய்கிறேன் என்று விடுதி அலுவலகத்துக்கு அறிவித்தேன். பிறகு அம்மாவுக்கு அழைத்தேன்.

"வா பிள்ளை," என்றார் உடனே. குரலில் சந்தோசத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. "நான் அப்பவே சொன்னனான். உன்ரை அறை அப்பிடியே கிடக்கு."

தொலைபேசியை அப்பா வாங்கினார். "வா. ஆனா படிப்பையும் விடப்போறியோ?"

"தெரியேல்லை அப்பா."

"அதைக் கொஞ்சம் ஆறுதலா யோசி."

ஆறுதலாக யோசிக்க முடிந்தால் நான் ஏன் இப்படி நிற்கிறேன் என்று சொல்ல நினைத்து, தொலைபேசியை வைத்தேன்.

அந்த வியாழக்கிழமைப் பயிற்சிக்கு நான் போயிருக்கவே மாட்டேன். பக்கத்து அறைக்காரி வந்து கதவைத் தட்டி, "ஒருவர் குறைகிறார். வா," என்றாள். நான் இல்லையென்றால் ஒருவர் துணையில்லாமல் நிற்க வேண்டும். போனேன். அன்றைக்குப் பழக வேண்டியது நாடியும் இரத்த அழுத்தமும். எனக்குக் கிடைத்த துணை, அந்த உயரமான பண்ணைக்காரன்.

அவனுக்கும் சங்கடம்தான். இருவரும் சமையலறையில் கதிரையைப் போட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். முதலில் நான் அவன் கையைப் பிடித்து எண்ணினேன். மெதுவாக, மாடு அசை போடுவதுபோல் அடித்தது. பிறகு அவன் என் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். விரலை எடுத்து, கையைத் துடைத்துவிட்டு, திரும்ப வைத்தான்.

"நான் பிழையாக எண்ணுகிறேன் போலிருக்கிறது," என்றான்.

"நான் படியில் ஓடி வந்தேன்," என்றேன். அது பொய். என் அறை அந்தச் சமையலறையிலிருந்து நாலு கதவு தள்ளி.

"அப்படியென்றால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பார்ப்போம்."

இருந்தோம். மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு, ஒருவருக்கொருவர் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பவும் எண்ணினான். பிறகு பக்கத்து அறைக்காரியைக் கூப்பிட்டு, தான் எண்ணியதைச் சொல்லாமல், "நீ ஒருமுறை எண்ணிப் பார்," என்றான். அவள் எண்ணினாள். இருவரும் தாங்கள் எண்ணியதை ஒப்பிட்டார்கள். இரண்டும் நிமிடத்துக்கு நூற்றை நன்றாகத் தாண்டியிருந்தன. அவள் என்னைக் கையை நீட்டச் சொல்லி, விரித்த விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தாள். இப்படிச் செய்வதை எங்கேயோ பார்த்த ஞாபகம் என்றாள். தாளின் ஓரம் நடுங்கிச் சரசரத்தது. அந்த நேரம் பார்த்துச் சமையலறை அமைதியாகிவிட்டது.

"இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது," என்று அவள் தன் வழக்கப்படி மெல்லச் சொன்னாள். "நான் இன்னும் அதெல்லாம் படிக்கவில்லை. ஆனால் நீ வைத்தியரிடம் போக வேண்டும்."

தாளைப் பிடுங்கிக் கசக்கினேன். "நான் உங்களுடைய பாடம் இல்லை," என்றேன்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நானே என் நாடியை எண்ணினேன். அதே எண்ணிக்கைதான் வந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் பொய் சொல்ல ஆளில்லை.

அடுத்த நாள் காலை சமையலறையில் நின்றபடி குடும்ப வைத்தியருக்கு அழைத்தேன். அன்றைக்கே நேரம் தந்தார்கள். சைக்கிளை எடுக்கக் கீழே போனால் பண்ணைக்காரன் தலைக்கவசத்தோடு நிற்கிறான்.

"நீ ஏன்?"

"எண்ணியது நான்தானே. பிழை என்றால் நானும் தெரிந்துகொள்ள வேண்டும்."

வைத்தியரின் காத்திருப்பு அறையில், சின்னப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த குட்டிக் கதிரை ஒன்றுதான் காலியாக இருந்தது. அவன் அதில் முழங்காலை முகவாய் வரை கொண்டுவந்து உட்கார்ந்து, படப் புத்தகம் ஒன்றைப் புரட்டினான். அன்று காலை எனக்கு வந்த ஒரே சிரிப்பு அதுதான்.

வைத்தியர் அதிகம் பேசாத பெண். தண்ணீர் தந்து விழுங்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார். பின்னால் நின்று விரல்களால் தடவினார். பிறகு கேட்டார். வெக்கை தாங்க முடியவில்லையா? தலைமுடி கொட்டுகிறதா? சாப்பிட்டும் மெலிகிறீர்களா? படி ஏறினால் கால் சோர்கிறதா? சின்ன விசயத்துக்கும் கோபமும் அழுகையும் வருகிறதா? ஒன்றை வாசித்து முடிக்க முடியவில்லையா? ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. இத்தனையையும் என் குணம் என்று நினைத்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார்.

இரத்தம் எடுத்தார்கள். கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று சில நாளில் உறுதியானது. உடல் உணவை எரித்துச் சக்தியாக்கும் வேலையைத் தைரொயிட்தான் வேகப்படுத்துகிறது. எனக்கு அந்த வேகம் கட்டுமீறிப் போயிருந்தது. வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள், மாத்திரை தந்தார்கள். நெஞ்சுத் துடிப்பைக் குறைக்க ஒன்று, சுரப்பியை அடக்க ஒன்று. முதலாவது உடனே கேட்கும், இரண்டாவது கேட்கக் கிழமைகள் எடுக்கும், பொறுமை வேண்டும் என்றார்கள். பொறுமை! எப்போது தொடங்கியிருக்கும் என்று கேட்டேன். சரியாகச் சொல்ல முடியாது, வசந்த காலத்திலேயே மெதுவாகத் தொடங்கியிருக்கலாம் என்றார் வைத்தியர்.

வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் வைத்துச் சொன்னேன். அம்மா மாவைப் பிசைந்த கையோடு நின்றார். பிறகு அழத் தொடங்கினார்.

"எத்தினை கிழவன் கிழவியளுக்கு நாடி பிடிக்கிறன். என்ரை பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுப் பாக்கேல்லையே."

"அம்மா, நான் பிடிக்க விட்டிருக்க மாட்டன்."

"பெடியன் எண்டெல்லாம் கேட்டுப்போட்டன்."

"பரவாயில்லை அம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவுக்குத் திரும்பினார். பிறகு, கொஞ்சம் நம்பிக்கையோடுதான் என்று எனக்குப் பட்டது, முதுகைக் காட்டியபடியே கேட்டார்:

"அப்ப, அங்கை போகத்தான் வேணும் எண்டு நீ ஒற்றைக் காலிலை நிண்டதும் உந்த வருத்தம்தானோ?"

"இல்லை," என்றேன். யோசிக்காமல், உடனே.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் விண்ணப்பித்தது வசந்த காலத்தில். சண்டை போட்டது கோடையில். வீட்டை விட்டுப் போக வேண்டும் என்ற அந்த ஆசை என்னுடையதா, சுரப்பியுடையதா? காலையில் காடு வரை சைக்கிள் ஓடியது யார்? புட்டு அவித்தது யார்? கத்தியதை நோயின் தலையில் போட எனக்குச் சம்மதம்தான். ஆனால் அந்த முதல் கிழமைகளின் சந்தோசத்தையும் அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டுமே. அதற்கு மனம் வரவில்லை.

விடுதி அலுவலகத்துக்கு அழைத்து, அறையை விடவில்லை என்று சொன்னேன். பிந்திவிட்டது. அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்ததாக ஒன்று காலியானால் முதலில் எனக்குத் தருவதாகச் சொன்னார்கள். பெட்டிகளைக் கட்டும்போது பக்கத்து அறைக்காரி வந்து உதவினாள். கூட்டத்தில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். இந்த நோயால் அப்படி ஆகிவிட்டது, நான் உண்மையில் அப்படிப்பட்டவள் இல்லை என்றேன்.

அவள் ஒரு புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நேரம் எடுத்து, சொன்னாள்: "எங்களுக்கு உன்னை இப்படித்தான் தெரியும். வேறு நீ எப்படி இருப்பாய் என்று நாங்கள் பார்த்ததில்லை."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். நான் குனிந்து அடுத்த பெட்டியைக் கட்டத் தொடங்கினேன்.

டிசெம்பரிலும் ஜனவரியிலும் ரயிலில் போய் வந்தேன். இருட்டில் போய் இருட்டில் வந்தேன். அம்மா சொன்னதுபோல் ஒரு கோப்பி குடிக்கும் நேரம்தான். வியாழக்கிழமைகளில் மட்டும் பயிற்சிக்காகக் கொலேகியத்தில் இரவு வரை நின்று, கடைசிக்கு முந்திய ரயிலைப் பிடிப்பேன். முதலில் நெஞ்சு அடங்கியது. கை அதற்குப் பிறகு. ஒருநாள் ரயிலில் தலையை நிமிர்த்தியபோது ஒரு முழு அத்தியாயத்தை வாசித்து முடித்திருந்தேன். ஓகூஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் சும்மா உட்கார்ந்திருந்தேன். துப்புரவு செய்கிறவர் வந்து, இது கடைசி நிலையம் என்றார். உட்கார்ந்திருப்பது இவ்வளவு சுகமா என்று இருந்தது.

ஆனால் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். உடம்பு கனத்தது, முகம் உருண்டது. காலையில் எழும்ப மனமில்லை. வியாழக்கிழமைச் சமையலறையில் நான் அமைதியாக இருந்தேன். பகிடிக்குப் பதில் பகிடி வர நேரமெடுத்தது. அவர்கள் என்னைப் பார்ப்பதை நான் பார்த்தேன். என் பழைய அறையில் இருக்கும் புதிய பிள்ளை எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். இந்த மந்தமான ஆளை இவர்கள் கேட்கவில்லையே என்று ரயிலில் போகும்போதெல்லாம் நினைத்தேன். வெளியே ஆடாத உடம்புக்குள் இருந்துகொண்டு மனம் மட்டும் பழையபடி ஓடியது. அது முந்தியதை விட மோசமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, சேர்ந்து பாத்திரம் கழுவும்போது, பண்ணைக்காரனிடம் அதைச் சொல்லிவிட்டேன். நான் முந்திய மாதிரி இல்லை, கவனித்தாயா என்று கேட்டேன்.

"கவனித்தேன்," என்றான். "இப்போது நாங்கள் சொல்வதை நீ கடைசிவரை கேட்கிறாய்."

"அது நல்லதா?"

"எனக்கு நல்லது. நான் மெதுவாகப் பேசுகிறவன்."

ஜனவரி கடைசியில் ஒருவன் படிப்பை விட்டுப் போனான். ஒரு அறை காலியானது. நடைகூடத்தின் கோடியில், குப்பை அறைக்குப் பக்கத்தில், முந்தியதை விடச் சின்னது. இரண்டு நாளில் பதில் சொல்லச் சொன்னார்கள்.

"இப்பதான் உடம்பு தேறுது," என்றார் அம்மா. "மனமும் அமைதியாய்க் கிடக்கு. இனி என்னத்துக்குப் பிள்ளை அங்கை?"

இந்த முறை நான் கத்தவில்லை. கத்துகிற வேகம் இருந்தால் எளிதாக இருந்திருக்கும். இரண்டு நாளும் யோசித்தேன். வீட்டில் என் அறை சூடாக இருந்தது. அம்மாவின் சோறு இருந்தது. மாத்திரையை நேரத்துக்கு எடுத்துத் தர ஆள் இருந்தது. போவதற்கு ஒரு நல்ல காரணம் தேடினேன். படிப்பு, பயிற்சி, நேரம் என்று எதைச் சொன்னாலும் அரை மணித்தியால ரயில் அதற்குப் பதில் வைத்திருந்தது. கடைசியில், காரணம் ஒன்றும் கிடைக்காத பிறகும் போக வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அப்படியே இருப்பதைக் கண்டேன்.

"போகோணும் போலை கிடக்கு அம்மா," என்றேன். தமிழில்தான் சொன்னேன். "இது வருத்தத்தாலை இல்லை. எனக்குத்தான் விருப்பம்."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, உதடு அசைய, தமிழில் எண்ணினார். நான் அசையாமல் நின்றேன். எண்ணி முடித்துக் கையை விட்டார்.

"ஓம்," என்றார்.

இரண்டாம் முறை கொண்டுபோய் விட அவரும் வந்தார். படியேறி வந்து அந்தச் சின்ன அறையைச் சுற்றிப் பார்த்து, "இதுக்குள்ளை ஆள் நீட்டி நிமிந்து படுக்கலாமோ?" என்று கேட்டார். சமையலறையில் பண்ணைக்காரன் எழும்பி, விளக்கில் தலையை இடித்துக்கொண்டு, அம்மாவுக்குக் கை கொடுத்தான். அம்மா அவனை அண்ணாந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இவனோ எண்ணினது?" என்று மெல்லக் கேட்டார். ஓம் என்றேன். அம்மா அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என்ன சொல்வது என்று தெரியாமல், தன் வேலைத்தள டேனிஷில், நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று அவனிடம் கேட்டார்.

இப்போது நான் படிப்பில் மூன்றாம் தவணை, இரண்டாம் ஆண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்கிறார்கள். ஒரு தடவை அளவு ஏறியது, மாத்திரையைக் கூட்டினார்கள். அதற்கு முந்திய கிழமை நான் ஏன் இரண்டு பேரோடு சண்டை போட்டேன் என்று அப்போது விளங்கியது. வேறொரு தடவை இருப்புக் கொள்ளாமல் அறைக்குள் நடந்துகொண்டு, நிச்சயம் ஏறியிருக்கும் என்று இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. அன்றைக்கு அம்மாவுக்கு அழைத்தேன்.

"ரத்தம் சரியாம் அம்மா."

"அப்ப ஏன் குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"தெரியேல்லை. நாளைக்குச் சோதினை."

"படிச்சனியோ?"

"அரைவாசி."

"அப்ப போனை வை. போய் மற்ற அரைவாசியைப் படி."